தலைப்பில் எலியைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், மறதி நோயை மூலிகை விரட்டும் என்று அரைப் பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீர்கள். காலை 7.30 மணிக்கு என் சித்தப்பா அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 10 மணிக்குள் பெங்களூரில் இருக்கும் தம்பி ஒரு பாட்டில் மாத்திரைக்கு ஆர்டர் போட்டுவிட்டான், விலை 1,800 ரூபாய். மத்தியானம் அத்தை போன் செய்து, "மருந்துப் படிப்புப் படிச்சவ நீ வீட்டிலேயே இருக்கே, அண்ணனுக்கு இதை ஏன் கண்ணு இத்தனை நாளா கொடுக்கலே?" என்றார். அவருடைய அண்ணன் என் அப்பா. 78 வயது. அல்சைமர் என்று டாக்டர் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது.

கட்டுரையை நானும் இரண்டு தடவை படித்தேன். வல்லாரை, மஞ்சள், அமுக்கரா, நெல்லிக்காய் எல்லாம் வந்தன. ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்சிஜனால் செல்கள் கெடுவதைத் தடுக்கும் பொருள்) என்ற சொல் ஏழெட்டு இடத்தில் வந்தது. நினைவாற்றல் மீண்டது என்று வந்தது. யாருடைய நினைவாற்றல் என்பது மட்டும் கடைசிக்கு முந்தின பத்தியில், 'ஆய்வக விலங்குகளில்' என்று இரண்டே சொல்லில் ஒளிந்திருந்தது. அந்த விலங்கு எலி. அந்த எலியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் பேச எனக்கு என்ன தகுதி என்றால், நானும் அப்படி ஓர் எலி ஆய்வு செய்தவள். 17 வருஷத்துக்கு முன் எம்.பார்ம். படித்தபோது என் தீசிஸே இதுதான்: மறதி உண்டாக்கிய சுண்டெலிகளுக்கு ஓர் இலையின் சாற்றைக் கொடுத்தால் நினைவு திரும்புகிறதா? எந்த இலை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையிலேயே எங்காவது ஒருவர் கஷாயம் வைத்துவிடுவார்.

எலிக்கு மறதியை எப்படி உண்டாக்குவது? சும்மா விட்டால் எலிக்கு அல்சைமர் வராது. அதனால் கல்லூரி லேபுக்குக் கட்டுப்படியாகும் வழி ஸ்கோபாலமைன் ஊசி. நம் ஊர் வேலி ஓரத்தில் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கிற ஊமத்தையில் இருக்கிறதே, அதே நச்சுதான். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் மூளையில் தன் வேலையைச் செய்யவிடாமல் அது தடுத்துவிடும். ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எலி தடுமாறும். சில மணி நேரத்தில் மருந்து இறங்கிவிடும், மறுநாள் பார்த்தால் எப்போதும் போல ஓடிக்கொண்டிருக்கும். ஊமத்தங்காய் தின்றவன் உளறுவதை ஊரில் யாரும் வயசான மறதி என்று சொல்வதில்லை. நாங்கள் தீசிஸில் 'அல்சைமர் மாதிரி' என்று எழுதினோம்.

அப்புறம் தண்ணீர்த் தொட்டி. ரிச்சர்ட் மோரிஸ் என்ற விஞ்ஞானி 1981-ல் கொண்டுவந்த சோதனை, இன்றைக்கும் உலகம் பூராவும் இதைத்தான் வைக்கிறார்கள். வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால் பவுடர் கலந்து வெள்ளையாக்குவோம். நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே சின்னதாக ஒரு மேடை இருக்கும், எலியின் கண்ணுக்குத் தெரியாது. சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை அடையாளம் வைத்து நீந்திப் போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாலைந்து நாள் பழக்கினால் நேராகப் போய் ஏறிக்கொள்ளும். நான் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். 60 விநாடிக்குள் ஏறாவிட்டால் நோட்டில் 60 என்று எழுதிவிட்டு, எலியைக் கையால் எடுத்து மேடையில் விட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில சுண்டெலிகள் நீந்தவே நீந்தாது. நாலு காலையும் பரப்பிக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, லீவு நாளில் வாய்க்காலில் மல்லாந்து கிடக்கும் பையனைப் போல மிதந்துகொண்டே இருக்கும். எனக்கும் அப்படி ஒன்று வாய்த்தது. அடையாளத்துக்காக வாலில் பிக்ரிக் அமிலத்தின் மஞ்சள் பூசிய எலி. மேடை எங்கே என்று தெரியாமல் மிதந்ததா, தெரிந்தும் அலட்டிக்கொள்ளாமல் மிதந்ததா? நான் 60 என்று எழுதினேன். 60 என்றால் எங்கள் கணக்கில் மறதி.

இன்னொன்று, ஸ்கோபாலமைன் கண்பாப்பாவை விரித்துவிடும். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு வரிசையாக உட்கார வைப்பார்களே, அந்த நேரத்தில் உங்கள் பேப்பரைக் கையில் கொடுத்தால் படிக்க முடியுமா? அந்த நிலையில் இருக்கும் எலியைத் தொட்டியில் விட்டு, சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்து வழி கண்டுபிடி என்றோம். இது எனக்கு அப்போது தோன்றவில்லை, கைடு கேட்கவில்லை, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவரும் கேட்கவில்லை.

நேரம் எடுப்பவருக்கு எந்த எலி மருந்து குடித்தது, எது வெறும் தண்ணீர் குடித்தது என்று தெரியக் கூடாது. அதுதான் முறை. என் சாறோ கரும்பச்சை. வளைந்த ஊசியால் வாய்க்குள் செலுத்தும்போது வழிந்துவிடும், மருந்து குடித்த எலிகளின் மோவாயெல்லாம் பச்சை. கூண்டைத் திறந்த உடனே தெரிந்துவிடும். ஸ்டாப்வாட்சை அழுத்துவதும் நான், ஜூனுக்குள் தீசிஸ் முடிய வேண்டியதும் எனக்கு. பொய் எழுதவில்லை, சத்தியமாக. ஆனால் எலியின் முன்கால் மேடையில் பட்டதுமே அழுத்தினேனா, நாலு காலும் ஏறின பிறகு அழுத்தினேனா? பச்சை மோவாய்க்கு ஒரு கணக்கு, மற்றதுக்கு ஒரு கணக்கு என்று என் கட்டைவிரல் எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கலாம். ஒரு குழுவுக்கு 6 எலிதான். ஆறில் ஒரு சோம்பேறி இருந்தால் போதும், சராசரி புரண்டுவிடும்.

முடிவு, நினைவாற்றல் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டது. ஒரு சின்ன ஆய்விதழில் அச்சிலும் வந்தது. அப்பா அதை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

ஆன்டிஆக்ஸிடன்ட் சமாச்சாரமே புளுகு என்று நான் சொல்ல வரவில்லை. மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. போதாததற்குக் கொழுப்பு நிறைந்த உறுப்பு. எண்ணெயை மூடாமல் வைத்தால் காறல் வாடை வருமே, கிட்டத்தட்ட அதே மாதிரிக் கெடுதல் மூளையின் கொழுப்பிலும் நடக்கிறது. அல்சைமரில் இறந்தவர்களின் மூளையில் அதன் தடயம் கூடுதலாகவே இருக்கிறது. எலியின் மூளையை அரைத்து தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு கொதிக்கவிட்டால் ரோஸ் நிறம் வரும், கெடுதல் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். என் சாறு குடித்த எலிகளின் குழாய்களில் ரோஸ் வெளிறியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைக்கு ஹாஸ்டலில் என் அறைக்காரிகள் எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஆக, நிறம் வெளிறியது உண்மை. அந்தக் கெடுதல் நோய்க்குக் காரணமா, இல்லை நோய் எரித்துப் போட்ட சாம்பலா என்பதுதான் கேள்வி. சாம்பலை வாரிக் கொட்டினால் அடுப்பு அணையாது.

இதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 78 அல்சைமர் நோயாளிகள், 16 வாரம், 2012-ல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, ஆல்ஃபா லிபோயிக் அமிலம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். அந்தக் காறல் கெடுதலின் அடையாளம் அவர்களுக்குக் குறைந்திருந்தது. அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட் மூளை வரைக்கும் போய்த் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் ஞாபகத்தையும் புத்தியையும் அளக்கும் சோதனையில் அவர்களுடைய மதிப்பெண்தான் மற்றவர்களைவிட வேகமாக இறங்கியிருந்தது! எனக்கு இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது அந்த வெளிறிய ரோஸ்தான். தமிழ்ப் பேப்பர் எதிலும் இந்த முடிவைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை.

மஞ்சளுக்கு வருகிறேன். நான் ஈரோட்டுக்காரி. அப்பா 38 வருஷம் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். விரலி மஞ்சளை எடுத்துப் பட்டென்று ஒடித்து, உள்நிறத்தைப் பார்த்தே இது எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவர் நக இடுக்கில் மஞ்சள் இருக்கும். அந்தச் சம்பளத்தில் படித்தவள் மஞ்சளைக் குறை சொல்லுவேனா? மஞ்சளில் இருக்கும் குர்குமினைப் பற்றி 2001-ல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு நல்ல ஆய்வுதான். அதில் ஸ்கோபாலமைன் எலி இல்லை, மனிதனின் மரபணுவைப் புகுத்திய எலி. பரம்பரையாக இளவயதிலேயே அல்சைமர் வரும் குடும்பங்களில் ஒரு மரபணுக் கோளாறு இருக்கும், அதை எலிக்குள் வைத்து 1996-ல் உருவாக்கினார்கள். அதன் மூளையில் அமிலாய்டு என்ற புரதக் கசடு படியும். தீவனத்தில் குர்குமின் கொஞ்சமாகக் கலந்து ஆறு மாதம் கொடுத்தபோது அந்தக் கசடு 43 முதல் 50 சதவீதம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், நிறையக் கொடுத்த எலிகளுக்கு அப்படிக் குறையவில்லை.

அந்த எலிக்கும் என் அப்பாவுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். நேரடியாக மரபணுக் கோளாற்றினால் வரும் அல்சைமர், மொத்த நோயாளிகளில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. இந்த ரக எலிகளில் பலதுக்கும் கசடு படியும், ஆனால் அல்சைமர் மூளையில் செல்கள் கொத்துக் கொத்தாகச் சாவது போலச் சாவதில்லை. 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, கசடோடு கூட நரம்பு செல்லுக்குள் நூல் சிக்கலாக முறுக்கிக் கிடந்ததையும் சொன்னார். பெரும்பாலான எலிகளில் அந்தச் சிக்கலே கிடையாது. மருந்தையும் பெரும்பாலும் நோய் முற்றும் முன்பே கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாங்கள் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனபோது, ஸ்கேனில் மூளை ஏற்கனவே சுருங்கியிருந்தது.

சரி, குர்குமினை மனிதர்களுக்குக் கொடுத்தார்களா என்றால் கொடுத்தார்கள். ஹாங்காங்கில் 34 பேரிடம் ஆறு மாதம், அமெரிக்காவில் 36 பேரிடம் 24 வாரம் சோதித்தார்கள், தினம் 4 கிராம் வரைக்கும். இரண்டிலும் நினைவில் பலன் ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்திலேயே அது நிற்கவில்லை. குடல் உறிஞ்சுவது கொஞ்சம், அதையும் கல்லீரல் வழியிலேயே கழித்துவிடுகிறது. 4 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் தினமும் 100 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும், நல்ல மஞ்சளிலேயே 100 கிராமுக்கு மூன்று நான்கு கிராம் பக்கம்தான் அது இருக்கிறது. நம் வீட்டுச் சாம்பாரில் விழுவது அரை ஸ்பூன். 2018-ல் ரத்தத்தில் நன்றாகச் சேரும்படி தயாரித்த குர்குமினை 40 பேரில் சுமார் பாதிப் பேருக்கு 18 மாதம் கொடுத்து, நினைவு கொஞ்சம் மேம்பட்டதாக அமெரிக்காவில் கண்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 40 பேருக்கும் மறதி நோயே கிடையாது, அதைவிடப் பெரிய ஆய்வில் அது திரும்ப வந்தால் நானே முதல் ஆளாக மண்டிக்குப் போய் இனிப்புக் கொடுப்பேன்.

'இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுவதால் நமக்கு அல்சைமர் வராது' என்று ஒரு பேச்சு உண்டு, உங்கள் கட்டுரையிலும் இருந்தது. அதன் வேர் ஹரியானாவில் இருக்கும் பல்லப்கர். அங்கே கிராமத்து முதியவர்களிடம் எடுத்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது: 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் வருஷத்துக்கு ஆயிரம் பேரில் 4.7 பேருக்குப் புதிதாக அல்சைமர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பகுதியில் 17.5. எண் உண்மை. மஞ்சள் என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டிக்கொண்டது. அந்த ஜனங்களிடம் அல்சைமருக்கு வழிவகுக்கும் ஏபிஓஈ4 என்ற மரபணு வகையே குறைவு, அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த காலமும் குறைவு. நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தபோது, 2023-ல் வந்த கணக்குப்படி 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, ஏதோ ஒரு வகை டிமென்ஷியா (அல்சைமரும் சேர்ந்த மறதி நோய்களின் பொதுப் பெயர்) இருக்கிறது. இவர்கள் வீட்டுக் குழம்பிலெல்லாம் மஞ்சள் இல்லையா என்ன?

அமுக்கராவைப் பற்றி நீங்கள் எழுதியதிலும் ஒரு குழப்பம். 2012-ல் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த ஆய்வை நான் மதிக்கிறேன், நம் நாட்டில் இந்தத் துறையில் நடந்த நல்ல வேலைகளில் ஒன்று. அமுக்கரா வேரின் சாற்றை 30 நாள் கொடுத்ததும் மரபணு மாற்றிய எலிகளின் நடத்தை தேறியது, கசடும் குறைந்தது. ஆனால் எப்படி? மூளைக்குள் போய் ஆன்டிஆக்ஸிடன்டாக வேலை பார்த்ததால் என்று அவர்கள் சொல்லவில்லை. கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூட்டி, அது ரத்தத்திலிருந்து அமிலாய்டை இழுத்ததால், மூளையில் இருந்தது வெளியே வடிந்தது என்றார்கள். அழகான கண்டுபிடிப்பு. அதைப் போய் 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த அமுக்கரா' என்று எழுதினால், அந்த ஆய்வின் உயிரையே எடுத்தாகிவிட்டது. அளவும் பாருங்கள், எலியின் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம். சுண்டெலி அளவை மனித அளவாக்க 12-ஆல் வகுப்பார்கள், அப்படியும் 60 கிலோ ஆளுக்குத் தினம் 5 கிராம் வருகிறது, பொடி அல்ல, வடித்துச் சுத்தப்படுத்திய சாறு. கடையில் கிடைக்கும் மாத்திரையில் இருப்பது 300, 500 மில்லிகிராம்.

ஜிங்கோ என்ற சீன மரத்தின் இலை வெளிநாட்டில் இதைவிடப் பிரபலம். 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரை ஆறு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள், 2008-ல் முடிவு வந்தது: டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை. வைட்டமின் ஈ மட்டும் கொஞ்சம் நின்றது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 613 பேரிடம் நடந்து 2014-ல் வந்த ஆய்வில், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் சரிவது ஆறு மாத அளவுக்குத் தள்ளிப்போனது. நினைவு மேம்படவில்லை. அதுவும் தினம் 2,000 யூனிட், டாக்டர் கண்காணிப்பில் மட்டும் கொடுக்க வேண்டிய பெரிய அளவு.

செடி மேல் எனக்குக் கோபம் ஏதோ இருப்பதாக நினைக்க வேண்டாம். அப்பா இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று கேலன்டமைன், பனி உருகும்போது பூக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பூச்செடியின் கிழங்கிலிருந்து வந்தது. 1950-களில் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் வேலையை ஆரம்பித்தார்கள், அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி கிடைத்தது 2001-ல். ஐம்பது வருஷம்! இடையில் எந்த மூலக்கூறு வேலை செய்கிறது என்று பிரித்து, அளந்து, ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் சோதித்தார்கள். அதுவும் நோயைக் குணப்படுத்துவதில்லை, கொஞ்ச காலத்துக்கு அறிகுறிகளைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். நம் பக்கத்திலோ முதல் படியான பெயரிலேயே தகராறு. பிரமி என்று கேட்டால் ஒரு கடையில் நீர்ப்பிரமியைக் கொடுக்கிறார்கள், இன்னொரு கடையில் வல்லாரையைக் கொடுக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடி.

இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒரு விஷயம். அப்பா ஒரே பில்லை இரண்டு தடவை எழுத ஆரம்பித்தபோது, முதலில் நாங்கள் போனது நாட்டு மருந்துக் கடைக்கு. போனது என்ன, நான்தான் போனேன். அங்கே ஞாபக சக்தி லேகியம் ஒன்று, டப்பாவில் சேர்மானப் பட்டியல், நாலாவது பெயர் என் தீசிஸ் இலை. பக்கத்தில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருந்தது. பச்சை மோவாய் எனக்குத் தெரியும், மிதந்த எலி எனக்குத் தெரியும், கட்டைவிரல் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். அப்பா என்று வரும்போது படிப்பு எங்கே போகிறதோ. 11 மாதம் காலையிலும் இரவிலும் ஒரு ஸ்பூன் நானே ஊட்டினேன்.

அந்த 11 மாதத்தில் செய்திருக்க வேண்டியது என்ன என்று பிற்பாடு நரம்பியல் டாக்டர் சொன்னார். தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை எல்லாம் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றால் வரும் மறதி சரி செய்யக்கூடியது. அப்பாவுக்கு அவை சரியாகத்தான் இருந்தன. ஆனால் ரத்த அழுத்தம் 170-ல் நின்றது, காது பாதி போயிருந்தது. 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு வெளியிட்ட அறிக்கையில், டிமென்ஷியாவில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியிருக்கிறது என்று 14 காரணங்களைச் சொல்கிறார்கள். காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. அப்பாவுக்குக் காது மெஷின் போட்ட அன்று, குக்கர் விசில் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்து, "மில்லு சங்கு ஊதிட்டாங்களா?" என்றார். தப்பான பதில்தான், ஆனால் ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவராக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி.

மாத்திரையால் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது என்பதும் சரியில்லை. குர்குமினோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் 20 மடங்கு கூடும் என்று 1998-ல் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள், அதை வைத்துத்தான் இன்றைக்கு விற்கும் மாத்திரைகளில் பலவும் வருகின்றன. அப்படிப்பட்ட மஞ்சள் மாத்திரைகளைச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஜிங்கோவையும் செறிவான குர்குமினையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டுச் சமையல் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

தம்பி அனுப்பிய பாட்டில் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் மேசை மேல் வைத்துவிட்டுக் கதவைத் தாழ் போடப் போன நேரத்தில், அப்பா மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து, இரண்டாகப் பிரித்து, பொடியை உள்ளங்கையில் கொட்டியிருந்தார். விரலால் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார். என் பெயர் அவருக்கு அன்று காலையிலிருந்தே வரவில்லை. "போன வருஷச் சரக்கு கண்ணு, இருப்பு வெச்சு அடிச்சுட்டான். ஏலத்துல எடுத்துடாதீங்க" என்றார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், தயாரித்து 14 மாதம் ஆகியிருந்தது.

ஆசிரியரே, எலி ஆய்வே போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. எலி இல்லாமல் எந்த மருந்தும் வராது. 2002 முதல் 2012 வரை அல்சைமருக்கென்று மனிதர்களிடம் சோதித்த மருந்துகளில் 99.6 சதவீதம் தோற்றன, அவற்றில் பலவும் எலியிடம் ஜெயித்துவிட்டு வந்தவை. அதனால் எலியை எலி என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அல்சைமர் எலி ஆய்வுக் கட்டுரைகள் 623-ஐ எடுத்துப் பார்த்து 2021-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள்: விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைத் தலைப்பில் எலி என்ற சொல்லை விட்டுவிட்டால், பத்திரிகைகளும் செய்தித் தலைப்பில் விட்டுவிடுகின்றன, அப்படிப்பட்ட கட்டுரைகளுக்குத்தான் செய்தியில் இடமும் அதிகம் கிடைக்கிறது. ஆகப் பழி உங்கள் மேல் மட்டும் இல்லை. என் தீசிஸ் தலைப்பை எடுத்துப் பார்த்தேன், அதிலும் எலி இல்லை.

எத்தனை எலி, ஊசி போட்ட மறதியா மரபணு மாற்றியதா, மனிதர்களிடம் பார்த்தார்களா, பார்த்திருந்தால் என்ன ஆயிற்று என்று நாலு வரி சேர்த்தால் போதும். மாத்திரை விளம்பரத்தை அதே பக்கத்தில் போடாமல் வேறு பக்கத்துக்குத் தள்ளினால் இன்னும் நல்லது. இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால் சித்தப்பா இதையும் படம் பிடித்துக் குழுவில் போடுவார், அவர் தலைப்பைத் தாண்டிப் படிப்பதில்லை. அதனால் எங்கே வெட்டினாலும் பரவாயில்லை, தலைப்பில் மட்டும் எலியை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு